ரேழி

ரேழி என்பது தமிழர் மரபு வீடுகளில் தெருவாசலுக்கும் வீட்டின் உட்பகுதிக்கும் இடையில் அமையும் நுழைவிடம் ஆகும். திண்ணையைக் கடந்து தலைவாசற் கதவைத் திறந்தவுடன் கால் வைக்கும் முதல் இடம் இதுவே. குறுகிய நடையாகவோ சிறு அறை அளவிலோ இது அமையும். இதன் மறுமுனையில் உள்ள வாயில், முற்றத்திற்கோ கூடத்திற்கோ இட்டுச் செல்லும். இச்சொல் "இடைகழி" என்ற பழைய தமிழ்ச் சொல்லின் மரூஉ எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம் முதலிய காவிரிப் படுகைப் பகுதிகளில் ரேழி என்னும் வடிவம் பெருவழக்காக இருந்தது. புதுச்சேரி நகரின் தமிழர் பகுதியில் உள்ள பழைய வீடுகளிலும் இவ்வமைப்பைக் காணலாம்.

பெயர்கள்

இந்த நுழைவிடத்திற்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு.

இடைகழி: இலக்கிய வழக்கு. வைணவ நூல்களிலும் அவற்றின் உரைகளிலும் மிகுதியாகக் காணப்படும்.

ரேழி, டேழி: பேச்சு வழக்கு. ரகரம் மொழிமுதலில் வாராது என்னும் இலக்கண மரபைப் பின்பற்றி "இரேழி" என எழுதுவாரும் உளர்.

நடை: தமிழகத்தின் பல பகுதிகளிலும் வழங்கும் பொதுச்சொல். நடந்து செல்லும் இடம் என்பது பொருள். கோயில் வாயிலையும் இச்சொல் குறிக்கும். "நடை திறப்பு", "நடை சாத்துதல்" என்னும் வழக்குகள் இப்பொருளில் வந்தவையே. மலையாளத்தில் "நட" என்பதும் கோயில் வாயிலைக் குறிக்கிறது.

தேகளி: வடசொல். வாயிற்படி, வாயிலை ஒட்டிய இடம் என்னும் பொருள்களில் வழங்கும்.

ரேழியை ஒட்டி ஒரு பக்கத்தில் அமையும் சிறிய அறைக்கு "ரேழி உள்" என்று பெயர். இங்கு "உள்" என்பது அறையைக் குறிக்கும் பெயர்ச்சொல். கணக்கு வழக்குகளைப் பார்க்கவும், விருந்தினர் தங்கவும், மாணவர் படிக்கவும் இவ்வறை பயன்பட்டது. ஆகவே ரேழி என்பதை வெறும் நடைவழி என்று மட்டும் கொள்ளாமல், அறையும் வழியும் சேர்ந்த நுழைவுப் பகுதி என்று கொள்வது பொருந்தும்.

சொற்பிறப்பு

இடைகழி என்பது இடை, கழி என்னும் இரு சொற்களால் ஆனது. இடை என்பது நடு, இரண்டிற்கும் இடைப்பட்ட இடம் எனப் பொருள்படும். கழிதல் என்பது கடத்தல், கடந்து செல்லுதல் எனப் பொருள்படும். வெளிக்கும் உள்ளுக்கும் நடுவே கடந்து செல்லும் இடம் என்பதே இச்சொல்லின் பொருள் ஆகிறது. அங்கு நிலையாகத் தங்குவதில்லை என்னும் குறிப்பும் சொல்லிலேயே உள்ளது.

இதே வடிவம் ஓர் ஊர்ப்பெயரிலும் காணப்படுகிறது. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள இடைக்கழிநாடு, சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் நாடு எனக் கூறப்படுகிறது. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே அமைந்த நிலப்பகுதி அது. அப்பெயரில் உள்ள "கழி" உப்பங்கழியைக் குறிப்பது. வீட்டு இடைகழியில் உள்ள "கழி" கடத்தலைக் குறிப்பது. வடிவம் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இடைகழி, ரேழி என மாறியதைப் பின்வரும் படிகளாக விளக்கலாம்.

முதலாவது, உயிரொலிகளுக்கு நடுவே வரும் ககரம் பேச்சில் மெலிந்து மறைகிறது. "அகம்" என்பது "ஆம்" என்றும், "அகத்துக்காரர்" என்பது "ஆத்துக்காரர்" என்றும் மாறியது இவ்வகையினது. இவ்வாறே இடைகழியில் ககரம் மறைய, அதன் இரு புறமும் இருந்த ஐகாரமும் அகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இரண்டாவது, அடுத்தடுத்து நிற்கும் குறுகிய ஒலிகள் இணைந்து ஒரு நெடிலாகின்றன. "பெயரன்" என்பது "பேரன்" ஆனதையும், "பொழுது" என்பது "போது" ஆனதையும் ஒப்பு நோக்கலாம். இவ்வகையில் "இடேழி" என்னும் வடிவம் கிடைக்கிறது.

மூன்றாவது, சொல்லின் முதலில் உள்ள குற்றுயிர் கெடுகிறது. "இரண்டு" என்பது "ரெண்டு" என்றும், "இறக்கை" என்பது "ரெக்கை" என்றும் பேசப்படுவது போல, "இடேழி" என்பது "டேழி" ஆகிறது.

நான்காவது, டகரம் ரகரமாகிறது. உயிரொலிகளுக்கு நடுவே வரும் டகரத்தை ஒலிக்கும்போது நாக்கின் நுனி மேலண்ணத்தை ஒரு கணம் மட்டுமே தொட்டு விலகும். ரகரத்தின் ஒலிப்பும் இதற்கு நெருங்கியது. மேலும் டகரம் தமிழில் மொழிமுதலில் வாராத எழுத்து. எனவே பேச்சில் டேழி, ரேழியாக நிலைபெற்றது. ரகரமும் இலக்கணப்படி மொழிமுதல் எழுத்தன்று எனினும், பேச்சுத் தமிழில் அது சொல்லின் முதலில் இயல்பாக வரக்கூடியது.

ரகரத்தில் தொடங்குவதால் இது பிறமொழிச் சொல்லாக இருக்குமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. காவிரிப் படுகையில் தெலுங்கு நாயக்கரும் மராத்தியரும் ஆண்ட காலங்களில் பல சொற்கள் தமிழில் கலந்துள்ளன. ஆயினும் ரேழி என்பதன் ஈற்றில் நிற்பது ழகரம். வடமொழியிலும் மராத்தியிலும் ழகரம் இல்லை. தெலுங்கிலும் அது பழங்காலத்திலேயே வழக்கிழந்துவிட்டது. சொல்லின் தலைப்பகுதி எவ்வளவு மாறிய போதிலும் அதன் வால் தன் பிறப்பிடத்தைக் காட்டி நிற்கிறது எனலாம்.

மரூஉ என்பதை நன்னூல் இயல்பு வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்பன அம்மூன்று வகைகள். வீட்டின் உறுப்புகளின் பெயர்களிலேயே இவற்றுக்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. வீட்டின் முன்னிடத்தைக் குறிக்கும் "முன்றில்" என்பது "இல்முன்" என்பதன் முன்பின் மாறிய வடிவம். எனவே அது இலக்கணப்போலி. ரேழி மரூஉ. புதுச்சேரி என்பது "புதுவை" என வழங்குவதும் மரூஉவே ஆகும்.

தேகளியும் இடைகழியும்

வடமொழியில் வாயிற்படியைக் குறிக்கும் "தேஹலீ" என்னும் சொல் தமிழில் தேகளி என எழுதப்படும். காளிதாசரின் மேகதூதத்தில், பிரிந்திருக்கும் தலைவி வாயிற்படியில் இட்ட மலர்களைத் தரையில் வைத்து, தலைவன் திரும்புவதற்கு எஞ்சியுள்ள மாதங்களை எண்ணும் இடத்தில் இச்சொல் வருகிறது. இந்தியில் இன்றும் "தேஹ்லீ" என்பது வாயிற்படியைக் குறிக்கும்.

தேகளி, டேழி ஆகிய இரு சொற்களும் ஓசையாலும் பொருளாலும் நெருங்கியிருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்று வந்திருக்கலாம் என்னும் கருத்தும் எழுகிறது. இதனை ஆராயும்போது இரண்டு செய்திகளைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, தேஹலீ என்பது முதன்மையாகப் படியைக் குறிப்பது. இடைகழி என்பது படியைக் கடந்த பின் உள்ள இடத்தைக் குறிப்பது. இரண்டு, இடைகழி என்னும் முழு வடிவம் பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதியிலேயே, 86ஆம் பாடலில், திருக்கோவலூர் இறைவனைப் பற்றி வருகிறது. பொய்கையாழ்வாரின் காலம் பொதுவாகக் கி.பி. 6 - 7ஆம் நூற்றாண்டுகள் எனக் கொள்ளப்படுகிறது. தமிழ்ச் சொற்களாலேயே பொருள் விளங்கும் இம்முழு வடிவம் அத்துணைப் பழமையானதாக இருப்பதால், ரேழியை அதிலிருந்து வந்ததாகக் கொள்வதற்குத் தடையில்லை. ஒலியொப்புமை காரணமாக இரு சொற்களும் பிற்காலத்தில் ஒன்றுக்கொன்று ஈடாக வழங்கின.

வடமொழி வழக்கில் "தேகளீ தீப நியாயம்" என்று ஓர் உவமை நெறி உண்டு. வாயிற்படியில் வைத்த விளக்கு வீட்டின் உள்ளேயும் வெளியேயும் ஒருசேர ஒளி தருவது போல, ஒரு தொடரின் நடுவில் நிற்கும் சொல் முன்னும் பின்னும் சென்று பொருள் தருவதை இது குறிக்கும். தமிழ் அணியிலக்கண நூலாகிய தண்டியலங்காரம் கூறும் தீவக அணியும் விளக்கை அடிப்படையாகக் கொண்டதே. தீவகம் என்றால் விளக்கு என்று பொருள்.

திருக்கோவலூர் இடைகழி

தமிழ் இலக்கிய வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட இடைகழி திருக்கோவலூரில் உள்ளதாகும். இவ்வூர் இன்று திருக்கோவிலூர் எனப்படுகிறது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வழியாக மேற்கே சென்றால், தென்பெண்ணை ஆற்றின் கரையில், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இவ்வூரை அடையலாம்.

வைணவ மரபுக் கதையின்படி, காஞ்சியில் தோன்றிய பொய்கையாழ்வார், கடல்மல்லை எனப்படும் மாமல்லபுரத்தில் தோன்றிய பூதத்தாழ்வார், மயிலாப்பூரில் தோன்றிய பேயாழ்வார் ஆகிய மூவரும் ஒரு மழை இரவில், ஒருவரை ஒருவர் அறியாமல், இவ்வூரில் ஒரு சிறிய இடைகழியை வந்தடைந்தனர். முதலில் வந்தவர் அங்கே படுத்திருந்தார். இரண்டாமவர் வந்தபோது, ஒருவர் படுக்கலாம் எனில் இருவர் இருக்கலாம் என்று இருவரும் அமர்ந்தனர். மூன்றாமவர் வந்தபோது, இருவர் இருக்கலாம் எனில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றனர். அப்போது நான்காவதாக ஒருவர் தம்மை நெருக்குவதாக உணர்ந்தனர். பொய்கையார் உலகை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனை விளக்காகவும் கொண்டு ஒரு விளக்கையும், பூதத்தார் அன்பை அகலாகக் கொண்டு மற்றொரு விளக்கையும் பாட்டால் ஏற்றினர். அவ்வொளியில் நெருக்கியவர் திருமால் எனப் பேயார் கண்டு பாடினார் என்பது வரலாறு. மூவரும் பாடிய மூன்று திருவந்தாதிகளும் ஒவ்வொன்றும் 100 பாடல்கள் கொண்டவை. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் இவை இயற்பாவின் தொடக்கமாக அமைந்துள்ளன.

இக்கதை காரணமாகத் திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயில் இறைவனுக்குத் "தேகளீசன்" என்ற பெயரும் உண்டு. இடைகழிக்குத் தலைவன் என்பது இதன் பொருள். கடலூருக்கு அருகிலுள்ள திருவகீந்திரபுரத்தில் வாழ்ந்த வேதாந்த தேசிகர் (1268 - 1369) இவ்விறைவன் மீது தேகளீச துதி என்னும் வடமொழி நூலை இயற்றினார்.

கட்டடவியல் நோக்கிலும் இக்கதை ஒரு செய்தியைத் தருகிறது. ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்க என்பது இடைகழியின் அளவு. மேலும், வழிப்போக்கர் ஒருவர் உரிமை கேளாமல் ஒதுங்கக்கூடிய இடமாக அது கருதப்பட்டதும் தெரியவருகிறது.

வீட்டமைப்பில் ரேழியின் இடம்

மரபு வீடுகளில் தெருவிலிருந்து கொல்லை வரை பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமையும். வாசல், திண்ணை, ரேழி, முற்றத்தைச் சூழ்ந்த கூடம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை என்பது காவிரிப் படுகை வீடுகளில் காணப்படும் வரிசை. வீடு அகலத்தில் குறுகியும் நீளத்தில் மிகுந்தும் இருக்கும். அடுத்தடுத்த வீடுகள் பக்கச் சுவர்கள் ஒட்டி அமைந்திருப்பதால் பக்கவாட்டில் சாளரம் வைக்க வழியில்லை. காற்றும் ஒளியும் முற்றத்தின் வழியாகவும் முன் பின் வாயில்கள் வழியாகவுமே வர வேண்டும். இத்தகைய வீட்டில் ரேழி செய்யும் பணிகள் பலவாகும்.

காற்றோட்டம்: வெயிலில் முற்றத்தின் காற்று சூடேறி மேலெழும்போது, நிழலில் இருக்கும் தெருப்பக்கத்துக் காற்று ரேழி வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. பரந்த வெளியிலிருந்து குறுகிய வழிக்குள் நுழையும் காற்றின் வேகம் கூடும். கோடை நண்பகலில் வீட்டினர் ரேழியில் பாய் விரித்துப் படுப்பதற்கு இதுவே காரணம்.

ஒளி: வெயிலிலிருந்து வருபவரின் கண் மங்கிய ரேழியில் சற்றுத் தணிந்து, பின்னர் முற்றத்தின் ஒளியைக் காண்கிறது. சுவரில் விளக்கு வைப்பதற்கு மாடம் அமைப்பதும் உண்டு.

மறைப்பு: சில வீடுகளில் தெருவாசலும் உள்வாசலும் நேர்கோட்டில் அமைய, தெருவில் நிற்பவருக்குக் கொல்லை வரை தெரியும். சில வீடுகளில் உள்வாசல் சற்று விலகி அமைந்து வீட்டினுள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாமல் மறைக்கும்.

புழங்குதல்: செருப்பைக் கழற்றி வைத்தல், குடையையும் கைத்தடியையும் சார்த்துதல், நெல் மூட்டையை இறக்குதல், மிதிவண்டியை நிறுத்துதல் ஆகியவை ரேழியில் நடைபெறும்.

புதுச்சேரி வீடுகளில்

பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் குடியேறினர். 1693 முதல் 1699 வரை நகரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. நேர்கோட்டு வீதிகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் நகர வரைவு அக்காலத்தில் உருவானதாகும். 1761இல் பிரித்தானியப் படை நகரத்தைக் கைப்பற்றிப் பெரும்பகுதியை இடித்தது. 1765 முதல் நகரம் பழைய வீதி அமைப்பின் மீதே மீண்டும் கட்டப்பட்டது. எனவே இன்றுள்ள பழைய வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை. நகரின் நடுவே வடக்கு தெற்காகச் செல்லும் கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதியும், மேற்கே தமிழர் பகுதியும் அமைந்தன.

தமிழர் பகுதி வீடுகளின் தெருமுகப்பில் இரு உறுப்புகள் தனித்தன்மை உடையவை. முதலாவது தாழ்வாரம். இது மரக்கால்களின் மேல் ஓடு வேய்ந்து தெருவை நோக்கிச் சரிந்து இறங்கும் கூரையின் கீழ் அமையும். தெருவில் செல்வோர் வெயிலுக்கும் மழைக்கும் இங்கு ஒதுங்கலாம். வீடுகள் தொடர்ந்து அமைந்த வீதிகளில் தாழ்வாரங்களும் தொடர்ந்து அமைந்து வீதிக்கே நிழற்பாதை போல விளங்கின. இரண்டாவது, அதனை அடுத்து உயரமாக அமையும் திண்ணை. இது வீட்டாரின் விருந்தினருக்கும் அண்டை வீட்டாருக்கும் உரியது. திண்ணையின் நடுவே செதுக்கு வேலைப்பாடு அமைந்த நிலையும் இரட்டைக் கதவும் இருக்கும். அக்கதவைக் கடந்தால் ரேழி. அதனைக் கடந்தால் தூண்கள் சூழ்ந்த முற்றம்.

இவ்வரிசையில் ஒவ்வொரு படியிலும் உரிமை மாறுகிறது. தாழ்வாரம் ஊருக்கு உரியது. திண்ணை அறிந்தவருக்கு உரியது. ரேழி வீட்டார் உள்ளே அழைத்தவருக்கு உரியது. முற்றமும் கூடமும் வீட்டாருக்கு உரியவை. ரேழியை இவற்றுக்கு நடுவே உள்ள கடைசிக் காவல் எனலாம்.

கால்வாய்க்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சு வீடுகளின் அமைப்பு வேறு. அங்கு தெருவை ஒட்டி உயர்ந்த மதிலும் பெரிய வாயிலும் அமையும். வாயிலைத் திறந்தால் தோட்டமோ முன்வெளியோ இருக்கும். அதன்பின் தூண்கள் கொண்ட முகப்பும் வீடும் அமையும். தமிழ் வீடு தெருவுக்குத் திண்ணையைத் தந்து உள்ளே முற்றத்தை மறைக்கிறது. பிரெஞ்சு வீடு தெருவுக்கு மதிலைத் தந்து உள்ளே தோட்டத்தை மறைக்கிறது. நுழைவறைக்குப் பிரெஞ்சு மொழியில் "வெசுட்டிபுல்" என்று பெயர். இது "வெசுட்டிபுலும்" என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இரு மரபுகளும் கலந்த வீடுகளும் புதுச்சேரியில் உண்டு. இவற்றில் கீழ்த்தளம் தாழ்வாரம், திண்ணை, ரேழி, முற்றம் எனத் தமிழ் முறையிலும், மேல்தளம் வளைவுச் சாளரங்கள், சுவரை ஒட்டிய தூண்கள், கைப்பிடிச் சுவர்கள் எனப் பிரெஞ்சு முறையிலும் அமைந்திருக்கும். நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709 - 1761) மாளிகை இவ்விரு மரபுகளின் கலப்புக்கு முற்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். இத்தகைய வீடுகளில் மேல்தளத்தின் தோற்றம் எவ்வளவு மாறினாலும், வீட்டினுள் நுழையும் முறை மாறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சமூகப் பின்னணி

ரேழி காற்றையும் ஒளியையும் மட்டும் ஒழுங்குபடுத்தவில்லை, மனிதரையும் ஒழுங்குபடுத்தியது. யார் எதுவரை வரலாம் என்பது சாதி, உறவு, பால் ஆகியவற்றால் முடிவு செய்யப்பட்டது. உயர்ந்தவராகக் கருதப்பட்டவர் கூடம் வரை அழைக்கப்பட்டனர். சிலர் திண்ணையோடு நிறுத்தப்பட்டனர். ஒடுக்கப்பட்ட சாதியினர் திண்ணையிலும் ஏறவிடப்படாமல் தெருவிலேயே நிறுத்தப்பட்டனர். வீட்டுப் பெண்கள் வெளியாரிடம் பேச நேர்ந்தால் ரேழியின் உள்வாசற் கதவின் மறைவில் நின்று பேசுவது வழக்கமாக இருந்தது. மரபு வீட்டின் அழகைக் கூறும்போது இதனையும் சேர்த்தே கூற வேண்டும்.

மூன்று ஆழ்வார்களின் கதை இதற்கு மாறான ஒரு படிமத்தைத் தருகிறது. அங்கு இடைகழி என்பது தடுக்கும் இடமன்று. அறியாதவர் மூவர் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நெருங்கி நிற்கும் இடம். ஒரே சொல்லுக்கு இவ்விரு நினைவுகளும் உள்ளன.

பிற பகுதிகளில் ஒத்த அமைப்புகள்

செட்டிநாட்டு வீடுகளில் "முகப்பு" என்னும் பெரிய முன்பகுதி இருக்கும். அதன்பின் "வளவு" எனப்படும் முற்றப் பகுதி அமையும். கேரளத்தில் வெளிவாயிற் கட்டடம் "படிப்புர" என்றும், வீட்டினுள் அறைகளுக்கு நடுவே அமையும் நடை "இடநாழி" என்றும் வழங்கும். யாழ்ப்பாணத்தில் வேலியின் வாயிலில் கூரையும் இருக்கையும் அமைத்து வழிப்போக்கர் இளைப்பாற விடுவதற்குச் "சங்கடப் படலை" என்று பெயர். வீட்டின் முன்பகுதியில் விருந்தினரை இருத்தும் இடம் "தலைவாசல்" எனப்படும்.

பண்டைய உரோமானிய நகர வீடுகளில் தெருக்கதவிலிருந்து ஒரு குறுகிய வழி, கூரை திறந்த நடுக்கூடத்திற்கு இட்டுச் சென்றது. நடுக்கூடத்தின் திறப்பின் வழியே விழும் மழைநீர் கீழே ஒரு தொட்டியில் சேர்ந்தது. ரேழியும் முற்றமும் இதனை நினைவூட்டுவன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் உரோமானிய வணிகத்தின் சான்றுகள் கிடைத்துள்ள போதிலும், இவ்வொற்றுமையைக் கடன் வாங்கியதாகக் கொள்ள வேண்டியதில்லை. வெப்பமான பகுதிகளில், நெருக்கமாக வீடுகள் அமையும் நகரங்களில், ஒரே தேவை ஒரே வகையான தீர்வைத் தந்துள்ளது. யப்பானிய வீடுகளில் காலணிகளைக் கழற்றி வைக்கும் "கென்கன்" என்னும் நுழைவிடமும் பயனால் ரேழியை ஒத்தது.

மறைவும் பாதுகாப்பும்

புதுச்சேரியில் ரேழி கொண்ட வீடுகள் குறைந்து வருகின்றன. இதற்குப் பல காரணங்கள் உள்ளன. ஒரு வீடு பல வாரிசுகளுக்குப் பிரியும்போது நீண்ட மனையைக் கூறுபோடுவதால் ஒரே நேர்கோட்டில் உள்ள பகுதிகள் துண்டாகின்றன. வணிக வீதிகளில் தெருமுகப்பைக் கடையாக்கினால் வாடகை கிடைக்கிறது. திண்ணையும் ரேழியும் முதலில் கடையாகின்றன. சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்தரம், நாட்டு ஓடு ஆகியவற்றைப் பழுது பார்க்கும் கைவினைஞர் குறைந்து செலவு கூடியுள்ளது. அடுக்குமாடிக் கட்டடத்தில் மகிழுந்தும் இரு சக்கர ஊர்திகளும் நிறுத்தும் இடமே தரைத்தளம் ஆகிறது. வீட்டுக் கதவைத் திறந்தால் நேரே கூடம் வந்துவிடுகிறது.

கலை, பண்பாட்டு மரபுரிமைக்கான இந்திய தேசிய அறக்கட்டளை (இன்டாக்) புதுச்சேரியின் மரபு வீடுகளைப் பட்டியலிட்டும் புதுப்பித்தும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்சு திட்டத்தின் கீழ், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்னேவ்-சுர்-லோத் ஆகிய நகரங்களுடன் இணைந்து, 2000களின் தொடக்கத்தில் வைசியாள் வீதியின் ஒரு பகுதியில் வரிசையாக உள்ள வீடுகளின் முகப்புகள் புதுப்பிக்கப்பட்டன. தாழ்வாரமும் திண்ணையும் தொடர்ந்து அமைந்த பழைய தமிழ் வீதியின் தோற்றத்தை இன்று அங்கு காணலாம். இப்பணிக்கு 2008இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருது கிடைத்தது. மறுபுறம், 2014 நவம்பரில் பெய்த கனமழையில் கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடம் (மேரி கட்டடம்) இடிந்து விழுந்தது. அது பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பொதுக் கட்டடத்தை அரசு மீண்டும் கட்டலாம். தெருமுகப்பைத் திட்டத்தால் புதுப்பிக்கலாம். ஏனெனில் இவை தெருவிலிருந்து தெரிபவை. ரேழி கதவுக்கு உள்ளே இருப்பது. முகப்பை மட்டும் காத்து உள்ளே இடித்துக் கட்டினால், தாழ்வாரமும் திண்ணையும் நிலைத்திருக்க, அவை இட்டுச் சென்ற ரேழியும் முற்றமும் மறைந்துவிடும். அவற்றைக் காப்பது பெரும்பாலும் அவ்வீட்டில் வாழும் குடும்பத்தின் முடிவையும், பழுதுபார்க்கும் செலவைத் தாங்கும் வலிமையையும் பொறுத்தது. பழைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியதால் காப்பாற்றப்பட்டுள்ளன. அவற்றில் ரேழி பெரும்பாலும் விருந்தினரை வரவேற்கும் மேசை வைக்கும் இடமாகியுள்ளது. அதன் பழைய பணிக்கு இது மிகவும் தொலைவானது அன்று.

சொல்லின் நிலையும் இதனோடு பிணைந்ததே. இன்றைய வீட்டு விளம்பரங்களில் "போர்டிகோ", "சிட்-அவுட்", "ஃபாயர்" ஆகிய சொற்களே இடம்பெறுகின்றன. திண்ணை என்னும் சொல் "திண்ணைப் பேச்சு", "திண்ணைப் பள்ளிக்கூடம்" ஆகிய தொடர்களில் பொருளை இழந்த பின்னும் வாழ்கிறது. ரேழிக்கு அவ்வாறு தாங்கிப் பிடிக்கும் தொடர்கள் இல்லை. அது வீட்டினர் தமக்குள் வழங்கிய சொல். "ரேழியில் வை", "ரேழியில் இருக்கிறார்" என நாள்தோறும் புழங்கியதாலேயே வாழ்ந்த சொல். இடம் மறையும்போது சொல்லும் உடன் மறைவது இதனாலேயே ஆகும். புதிய வீடுகளின் நுழைவறைக்குத் தமிழ்ச்சொல் தேடுவோர், இடைகழி, ரேழி, நடை ஆகிய மூன்று சொற்களும் அப்பொருளில் ஏற்கனவே உள்ளன என்பதைக் கருத்திற் கொள்ளலாம்.

இவற்றையும் பார்க்கவும்

திண்ணை
தாழ்வாரம்
முற்றம்
மரூஉ
முதலாழ்வார்கள்
திருக்கோவிலூர்
புதுச்சேரி